பெயிண்ட் உதிராமல் பாபநாசம் வரை ஒரு சைக்கிள்

போன தை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பேட்டையிலிருந்து விக்கிரமசிங்கபுரத்துக்கு ஒரு சைக்கிளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஓட்டிக்கொண்டு போகவில்லை. வண்டியில் ஏற்றி, கயிறு கட்டி, அது தும்மினால்கூடக் கேட்கும்படி காதைத் தீட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். தூரம் நாற்பத்து மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் கடல் கடந்து படை நடத்திய சோழன்கூட இவ்வளவு முன்னேற்பாடு செய்திருக்க மாட்டான். (நான் பாண்டிய நாட்டுக்காரன். சோழனை ஒரு படி இறக்கித்தான் பேசுவேன்.)

புதிதாகப் பெயிண்ட் அடித்த சைக்கிளை வேனிலோ ரயிலிலோ லாரியிலோ கொண்டுபோக நினைப்பவர்கள் இதை முழுக்கப் படியுங்கள். ஊர் பார்க்க மட்டும் வந்தவர்களும் படிக்கலாம். வழியெங்கும் வயல், வாழை, ஆறு, மலை எல்லாம் உண்டு. நடுவில் என் மானம் கொஞ்சம் போகும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சைக்கிள் என் அக்கா மகள் கோமதியுடைய கைவேலை. அவள் பகலில் ஜங்ஷன் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். சாயங்காலமானால் பேட்டையில் வாடகைக்குப் பிடித்த ஒரு தகரக் கொட்டகைக்குப் போய்விடுவாள். அங்கே பழைய இரும்பு பிரேம் சைக்கிள்களைச் சுரண்டி, துரு எடுத்து, பெயிண்ட் அடித்து, தானே வரைந்த ஸ்டிக்கர்களை ஒட்டி, மேலே கிளியர் என்கிற நிறமில்லாத வார்னிஷ் அடித்துப் புதுப்பெண் மாதிரி ஆக்குகிறாள். நானும் பார்த்தேன். தேவலோகத்தில் இந்திரன் சைக்கிள் வாங்குவதாக இருந்தால் பேட்டைக்குத்தான் வர வேண்டும்.

இந்தச் சைக்கிள் அவளுடைய முதல் வெளி ஆர்டர். கேட்டவர் விக்கிரமசிங்கபுரத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்கும் விமலா டீச்சர். முன்பக்கம் ஆற்று நீலம், பின்னால் போகப் போகச் சுத்த வெள்ளை. பின்சக்கரத்துக்கு மேலே வரும் வெள்ளைக் குழாயில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். போட்டோவைப் பார்த்ததும் டீச்சருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முன்பு ஒரு தடவை கடையில் வாங்கிய புதுச் சைக்கிள், லாரியில் வந்து இறங்கும்போதே ஸ்டிக்கர் கிழிந்து, பூனை பிராண்டிய நாற்காலி மாதிரி வந்ததாம். அதனால், "போட்டோவுல இருக்க மாதிரியே வந்தா எடுத்துக்கிடுவேன். கீறல் இருந்துச்சுன்னா வந்த வண்டியிலயே திரும்பிரும்" என்று சொல்லிவிட்டார். டீச்சருக்குப் பிடித்தால் அந்தப் பள்ளிக்கூடமே பேட்டைக்கு வரும். பிடிக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் விக்கிரமசிங்கபுரம் முழுக்கத் தெரிந்துவிடும். கோமதியின் கொட்டகை நிற்பதும் சாய்வதும் இந்த ஒரு பயணத்தில் இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு லீவு கிடையாது. ஓய்வு பெற்று, இரண்டு கையையும் வீசிக்கொண்டு திரியும் ஒரே ஆண்மகன் குடும்பத்தில் நான்தான். பொறுப்பு என் தலையில் இறங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் கட்டும் வேலை நடந்தது. நான் டேப்புச் சுருளோடும் பிளாஸ்டிக் உறையோடும் போய் நின்றேன். கோமதி இரண்டையும் வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டாள்.

"மாமா, கிளியர் அடிச்சுப் பத்து நாள்தான் ஆவுது. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இன்னும் இளசு. பிளாஸ்டிக்கச் சுத்துனா வெயில்ல வேர்த்து அச்சு விழுந்துரும். டேப்ப ஒட்டுனா உரிக்கும்போது மீன்கொத்தியும் சேந்து பறந்துரும்."

"அப்போ எதுலதான் சுத்த?"

"பழைய பருத்தித் துணி வேணும். தொவச்சுத் தொவச்சுப் பஞ்சாப் போனது."

அவள் பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து உதறினாள். என் எட்டு முழ வேட்டி. அந்த வேட்டியோடு நான் முந்நூறு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு துளி சாம்பார் பட்டதில்லை. அம்மன் சன்னதியில் அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் தேர் ஒதுங்கி வழிவிடும். என் அக்கா அதை என் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கண் முன்னாலேயே கோமதி அதை நாலு விரல் அகலத்துக்குச் சர்ரென்று கிழித்தாள்.

ஆனால் வேலை சுத்தம். முதலில் ஈரத்துணியால் சைக்கிள் முழுக்கத் துடைத்தாள், பிறகு காய்ந்த துணியால். "துடைக்காமச் சுத்துனா அது துணி இல்ல மாமா, உப்புத்தாள். உள்ள இருக்க மண்ணு வண்டி ஆட ஆடத் தேச்சுக்கிட்டே இருக்கும்" என்றாள். அப்புறம் வேட்டிக் கிழிசலைக் குழாய்களில் சுற்றினாள். அதன்மேல் ஏசி குழாய்க்குப் போடுகிற கறுப்பு ஸ்பாஞ்சு உறையை நீளவாக்கில் கீறி மாட்டினாள். பழைய டியூபை ரப்பர் பட்டையாக வெட்டி அங்கங்கே கட்டினாள். பெடலைக் கழற்றித் தனிப்பையில் போட்டாள். ஹேண்டில்பாரைத் திருப்பி, பிரேமில் இடிக்காதபடி நடுவில் ஒரு துணி உருண்டை வைத்தாள். கடைசியில் எனக்கு ஒரு உத்தரவு: "வழியில எதுவும் ஆச்சுன்னா எனக்குப் போன் பண்ணுங்க. நீங்களா எதுவும் செய்யாதீங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

காலை ஏழு மணிக்கு மேலப்பாளையத்திலிருந்து காதர் பாய் தன் குட்டியானையோடு வந்தார். வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், சின்னச் சரக்கு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். போக வர வாடகை இரண்டாயிரத்து இருநூறு ரூபாய், டீசல் உட்பட. காதர் பாயும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் கணக்கில் தேறினார், நான் பேச்சில் தேறினேன்.

சைக்கிளைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "என்ன வே, பனியில நனஞ்ச கெழவன் மாதிரிப் போத்தி வச்சிருக்கீரு?"

"உள்ள இருக்கது மகாராணி. பாத்துப் போம்."

"நான் பாத்துத்தான் போவேன். நீரு பேசாம வந்தீர்னா போதும்."

சைக்கிளை நிமிர்த்தி நிற்க வைத்துத்தான் கட்டினோம். படுக்கப் போட்டால் அதன் எடை முழுக்க ஒரு பக்கப் பெயிண்டில் இறங்கும். கயிறு சக்கரத்திலும் சீட்டிலும்தான் விழுந்தது, பிரேமைத் தொடவில்லை. வேறு சரக்கு எதுவும் ஏற்றவில்லை. சுத்தமல்லி தாண்டியதும் வெயில் இளசாக வயல்மேல் விழுந்தது. மழை நன்றாகப் பெய்த வருஷம், கால்வாய் ததும்பிப் போனது. நெல் பச்சையைப் பார்த்துக் கண் கூசிக் கறுப்புக் கண்ணாடி போட்டேன், நம்ப வேண்டும். நடுவில் ஒரு பள்ளம் வந்தது. அதில் வண்டி இறங்கிய நேரத்தில் அமெரிக்காக்காரன் பேசுவது எனக்குக் கேட்டது. மற்றபடி ரோடு நல்ல ரோடு. காதர் பாய் நாற்பதைத் தாண்டவில்லை.

சேரன்மகாதேவிக்கு எட்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டோம். ஊர் தாண்டி வீரவநல்லூர் போகும் வழியில் ஒரு டீக்கடை. காதர் பாய் உள்ளே போனார். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் ஒரு ரப்பர் பட்டை அறுந்து, பின்பக்கக் குழாயில் இருந்த ஸ்பாஞ்சு எங்கோ விழுந்துவிட்டது. சரியாக மீன்கொத்தி இருக்கும் இடம். வெறும் வேட்டித்துணி மட்டும் மிச்சம். சீட்டுக் கயிறு வேறு நழுவி வந்து அதன்மேல் உரசிக்கொண்டிருந்தது.

போன் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்திருக்கலாம். ஆனால் டீக்கடைக்குப் பின்னால் ஒரு வாழைத்தோப்பு இருந்தது. காலையில்தான் தார் வெட்டியிருந்தார்கள். வெட்டிய மரங்கள் படைவீரர்கள் மாதிரிச் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் வழவழவென்று, தடிமனாக, குழாயைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே வளைந்த மட்டை. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த மட்டை பக்கத்திலேயே கிடக்க, எங்கோ தொழிற்சாலையில் செய்த ஸ்பாஞ்சுக்கு நான் ஏன் அழ வேண்டும்? எனக்குள் ஒரு விஞ்ஞானி எழுந்து நின்று கும்பிட்டான்.

தோப்பில் நின்றவரிடம் ஒரு மட்டை கேட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஒரு ராஜகாரியம்."

"ஈரமால்லா இருக்கு. சருகு வேணும்னா அங்கன கெடக்கு, எடுத்துக்கிடுங்க."

"சருகு குத்தும். இது மெத்தை மாதிரி இருக்கு."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அரிவாளால் இரண்டடி நறுக்கிக் கொடுத்தார். நான் அதைக் குழாயைச் சுற்றி அழகாகப் பொருத்தி, அறுந்த ரப்பரை முடிச்சுப் போட்டு இறுக்கினேன். கயிற்றையும் சரியாக நகர்த்தினேன். காதர் பாயிடம் சொல்லவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் அவிழ்க்கும்போது என் மேதைமையைப் பார்த்து அவர் வாயடைத்துப் போக வேண்டும் என்று ஆசை. வாயடைத்துத்தான் போனார்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கினேன். அங்கே நின்றுவிட்டு அப்பளம் வாங்காமல் போகிறவனை ஆற்றுப் பாலம் தாங்காது. அம்பாசமுத்திரம் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. கீழே ஆறு பாறைகளுக்கு நடுவில் வழி கேட்டுக் கேட்டுப் போய்க்கொண்டிருந்தது. எதிரே பொதிகை மலை மேகத்தைத் தலைப்பாகையாகக் கட்டி நின்றது. நான் அன்று உலகத்தில் யாருக்கும் இளைத்தவன் இல்லை. ஒன்பதரை மணிக்கு டீச்சர் வீட்டு வாசலில் இறங்கினோம்.

விமலா டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். வாசலில் அவரும், அவர் கணவரும், எதிர்வீட்டில் பாதிப்பேரும் நின்றார்கள். கல்யாண வீட்டில் பெண்ணழைப்புக்கு நிற்கிற மாதிரி. நாங்கள் சைக்கிளை இறக்கி, முன்பக்கமிருந்து ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தோம். நீலம் வந்தது. எதிர்வீட்டம்மாள் "அடியாத்தே!" என்றாள். கீறல் இல்லை, தூசி இல்லை. டீச்சர் குனிந்து குனிந்து பார்த்தார், முகம் மலர்ந்துகொண்டே வந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டு பின்பக்கம் வந்து, மட்டையை எடுத்து, வேட்டித்துணியை உருவினேன்.

துணி டீத்தூள் நிறத்தில் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளைக் குழாயில் பழுப்பாக மூன்று கோடுகள். மூன்றாவது கோடு மீன்கொத்தியின் வாலைத் தொட்டு நின்றது.

ஆறு ஓடுகிற சத்தம்கூட நின்றுவிட்டதாக நான் சத்தியம் செய்வேன்.

"என்ன வே செஞ்சீரு?" என்றார் காதர் பாய்.

"ஸ்பாஞ்சு விழுந்துட்டு. மட்ட வச்சேன்."

"பச்ச மட்டையா? உம்ம வீட்டுல வாழப்பூ ஆயுததே கெடையாதா?"

"ஆயுதாங்க. நான் திங்கேன்."

அதுதான் விஷயம். ஐம்பத்தொன்பது வருஷமாக வாழைப்பூ வடை, வாழைப்பூ துவரன், வாழைத்தண்டுக் கூட்டு என்று ஒரு தோப்பையே தின்று தீர்த்திருக்கிறேன். ஒரு நாளும் பூவை ஆய்ந்ததில்லை, கத்தியை எடுத்து அரிந்ததில்லை. வாழைப்பால் கறை துணியில் பட்டால் போகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது கையிலிருந்து, கத்தியிலிருந்து, மட்டையிலிருந்து சொட்டுகிற சமாச்சாரம் என்பது எனக்குத் தின்கிற பக்கமிருந்து மட்டுமே தெரிந்திருந்தது. நான் பதறிப்போய் எச்சில் தொட்டுத் தேய்க்கக் கையைக் கொண்டுபோனேன்.

"தேய்க்காதீங்க!" என்றார் டீச்சர். வகுப்பில் கடைசி பெஞ்சு நடுங்குகிற குரல். என் கை அப்படியே நின்றது.

அவர் தன் போனிலேயே கோமதியைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். "கோமதி, வண்டி வந்துட்டு. நல்லா இருக்கு. ஆனா மீன்கொத்திப் பக்கம் வாழக்கறை பட்டிருக்கு."

அவள் பதில் வருவதற்குள் நான் மூன்று முறை பிறந்து மூன்று முறை செத்தேன்.

"எப்பிடி டீச்சர்?" என்றாள். குரல் தணிந்திருந்தது.

"உங்க மாமா பச்ச மட்டைய வச்சுக் கட்டியிருக்காங்க. நாங்க வாழப்பூ ஆயும்போது கையில நல்லெண்ணெய் தேய்ப்போம்லா, பால் பிடிக்காம. அதே எண்ணெய இதுல வைக்கலாமா? பெயிண்டுக்கு ஆகுமா?"

"பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகாது டீச்சர். ஸ்டிக்கர் ஓரத்துல மட்டும் படாமப் பாத்துக்கிடுங்க. உள்ள எறங்குச்சுன்னா எந்திச்சுரும். ஊற வச்சு, தேய்க்காம ஒத்தி எடுங்க." பிறகு கேட்டாள், "மாமா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லுங்க."

நான் நாலடி தள்ளி நின்றேன். டீச்சர் பஞ்சில் எண்ணெயைத் தொட்டு முதல் இரண்டு கோட்டிலும் வைத்தார். மூன்றாவதற்குக் காது குடைகிற பஞ்சுக்குச்சியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, வாலுக்கு ஒரு அரிசி அளவு முன்னால் நிறுத்தினார். பத்து நிமிஷம் ஊறியது. எதிர்வீட்டம்மாள் எனக்கு மட்டும் காப்பி கொடுக்கவில்லை. பிறகு டீச்சர் சுத்தமான துணியால் ஒத்தி எடுத்தார். முதல் கோடு போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது. மூன்றாவது, இன்னொரு தடவை எண்ணெய் வைத்து ஒத்தியதும், வாலுக்கு ஒட்டின இடத்தில் ஒரு முடி அளவு தவிர மறைந்தது. சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்ததும் வெள்ளை பளிச்சென்று வந்தது.

டீச்சர் எழுந்து, இரண்டு எட்டு பின்னால் போய்ப் பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். அந்த முடி அளவையும் பார்த்தார், நான் பார்த்ததையும் பார்த்தார். "பெடல மாட்டுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

மாட்டினேன், திருப்பி வைத்த ஹேண்டில்பாரையும் நேராக்கினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியவர் பாபநாசம் ரோட்டில் போயே போய்விட்டார். நாங்கள் குட்டியானையில் பின்னால் போனோம். மூன்று கிலோமீட்டர், லேசான ஏற்றம். ஆற்றங்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். மூச்சு வாங்கியது, முகம் முழுக்கச் சிரிப்பு. அங்கிருந்தே கோமதிக்குப் போன் போட்டார்.

"வண்டி எனக்கு. கீறல் ஒண்ணுகூட இல்ல. வாலுல துளி கறை இருக்கு, அது மீன்கொத்தி சேத்துல எறங்குன அடையாளம்னு நெனச்சுக்கிடுதேன். எங்க ஸ்கூல்ல ரெண்டு பேரு கேட்டாங்க, சொல்லுதேன். கொண்டுவரும்போது உங்க மாமாவ வாழத்தோப்பு இல்லாத வழியா அனுப்பு."

அப்படி ஒரு வழி இந்த ஆற்றுக்கரையில் கிடையாது. நானும் காதர் பாயும் படித்துறையில் இறங்கிக் குளித்தோம். மலையிலிருந்து வந்த தண்ணீர், பல் கிட்டிப்போகிற குளிர். மூன்று முங்கு முங்கியதும் அகந்தை, அவமானம், முழங்கால் வலி மூன்றும் ஆற்றோடு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய்விட்டன. மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

இனி நீங்கள் போவதாக இருந்தால், சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். சுற்றுவதற்கு முன் துடையுங்கள். பாதிக் கீறல் உள்ளே மாட்டிய மண்ணால்தான் வருகிறது. பெயிண்ட் புதுசு என்றால் பருத்தித் துணி, நன்றாகக் காய்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனது என்றால் மேலே பிளாஸ்டிக் சுற்றலாம். ஸ்டிக்கரில் டேப் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். ஸ்பாஞ்சு உறை மீட்டர் முப்பது, நாற்பது ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு சைக்கிளுக்கு மூன்று மீட்டர் போதும், இரண்டு துண்டு கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கட்டுப் போடுங்கள், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும். முதல் பத்து கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள், எல்லாம் அதற்குள்தான் தளரும். பாசஞ்சர் ரயிலில் கொண்டுபோனால் அம்பாசமுத்திரத்தில் இறங்கிக்கொள்ளலாம், ஆனால் ஏற்றி இறக்குகிற கைகள் உங்கள் கைகளாக இருக்கட்டும். ஏதாவது விழுந்துவிட்டால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துச் சுற்றுங்கள். அவசரத்துக்கு வாழைச்சருகுகூட ஆகும், காய்ந்திருந்தால்.

சைக்கிளில் போன கறை வேட்டியில் போகவில்லை. அக்கா மூன்று தடவை துவைத்துவிட்டுக் கைவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் யாரோ வந்தவர்களிடம் கோமதிக்கு ஒரு வாழைப்பூ கொடுத்தனுப்பியிருந்தார். முயல்குட்டி அளவு. கோமதி கொட்டகையில் அந்தக் கறைத்துணியை என் முன்னால் விரித்து, பூவையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் வைத்தாள்.

"ஆயுங்க மாமா."

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பூவிலும் நடுவில் தீக்குச்சி மாதிரி ஒரு நரம்பு, அதைத் தேடி இழுக்க வேண்டும். இமயமலையைக் கரண்டியால் தோண்டுவது இதைவிடச் சுலபம். பக்கத்தில் அவள் இரண்டாவது சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள், இந்த முறை மஞ்சளும் பச்சையும்.

"துணி பத்தாது போலருக்கே" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.